பொங்காத மாம்பழ சோடா, வெடிக்கிற பாட்டில்: வீட்டு நொதி பானங்களில் குறை பார்த்துத் தீர்வு

ஓசூர் எல்லையைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே பப்களில் மாம்பழ சீசனில் மாம்பழ பீர் வைக்கிறார்கள், ராகி சேர்த்த பீரும் உண்டு. அதைக் குடித்துவிட்டோ வீடியோ பார்த்துவிட்டோ நம் ஊர்ப் பழத்தை வீட்டில் நொதிக்க வைக்கும் ஆசை கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பிள்ளைகளுக்கு வருவது இயல்பு. பீரும் சைடரும் (பழச்சாற்றை நொதிக்க வைத்த மது) இங்கே வீட்டில் காய்ச்சக் கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 இன்றும் நடப்பில் உள்ளது, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஆகவே நான் சொல்லப்போவது அதற்கு நெருங்கிய உறவான பழ சோடா பற்றி. இஞ்சித் தோலில் இருக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைச் சர்க்கரைத் தண்ணீரில் வளர்த்தால் கிடைப்பது ஸ்டார்ட்டர், அதைக் கொண்டு இதைப் பொங்க வைப்போம். பெங்களூரா மாம்பழம், நாவல், சீத்தா, புளி, ராகி என எதிலும் செய்யலாம். கேஸ் ஏறியதும் ஃபிரிட்ஜில் வைத்து நிறுத்திவிடுவோம், மது ஆகும் வரை விடமாட்டோம்.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட்டருக்கு அரை லிட்டர் தண்ணீர், தோலோடு துருவிய இஞ்சி இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி. தினமும் இஞ்சியும் சர்க்கரையும் ஒவ்வொரு கரண்டி போட்டுக் கிளறினால் சில நாளில் நுரை வரும். அதில் 60 மில்லியை ஒரு லிட்டர் பழக் கரைசலில் ஊற்றி, இரண்டு எலுமிச்சையைப் பிழிந்து, பாட்டிலில் அடைத்து மூட வேண்டும். கேஸ் ஏறியதும் ஃபிரிட்ஜ்.

குறைகளில் பெரும்பாதி சூட்டால் வருபவை. இதே போல இஞ்சியை நொதிக்க வைத்துச் செய்யும் இஞ்சி பீர் 18ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தில் புழங்கும் பானம். அதன் செய்முறையில் ‘பாட்டிலில் நான்கைந்து நாள்’ என்று இருந்தால், அது 18–20 டிகிரி அறைக்கு எழுதியது. மே மாதம் தர்மபுரியில் வெயில் 38 டிகிரியைத் தொடும், அங்கே ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். அதே மாவட்ட எல்லையிலிருந்து மேலே ஏறினால் ஓசூர், தேன்கனிக்கோட்டை. மார்கழி இரவில் அங்கே நான்கு நாள் ஆனாலும் ஆகும். ஆகவே காலண்டரை விட்டுவிட்டுப் பாட்டிலைப் பாருங்கள். கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் குறை எதுவோ அங்கே போகலாம்.

ஸ்டார்ட்டரில் நுரையே வரவில்லை

முதல் சந்தேகம் தண்ணீர் மேல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஈஸ்ட்டை அது அடக்கும். கொதிக்க வைத்து ஆற்றினாலோ அகலப் பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வைத்தாலோ பெரும்பாலும் போய்விடும். ‘அப்போ போர்வெல் தண்ணீர் ஊற்றட்டுமா?’ என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். நம் இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், 2013இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் (ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தடுப்பு இருக்கிறது. ஃப்ளோரைடு கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும். போர்வெல் நீரில் இன்னொரு சிக்கல் உண்டு. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படியவிடும் கடினநீர், நீங்கள் பிழிந்த எலுமிச்சையின் புளிப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். புளிப்பு குறைந்தால் வேண்டாத கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

அடுத்தது இஞ்சி. ஈஸ்ட் இருப்பது தோலில். தோலைச் சீவிவிட்டுப் போட்டாலும் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவினாலும் நுரை வராது. மண் போகும் அளவுக்கு மட்டும் அலசுங்கள். சந்தையில் மண்ணோடு வரும் புது இஞ்சி, பாக்கெட்டில் பளபளவென்று கிடக்கும் இஞ்சியைவிட நல்லது. கடையில் வாங்கிய இஞ்சி பூண்டு விழுது கூடவே கூடாது.

இரண்டும் சரியாக இருந்தும் மூன்று நாளில் ஒரு குமிழிகூட இல்லையென்றால் ஜாடியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில் மதிய நேரம் 40 டிகிரியைத் தாண்டும் இடத்தில் ஈஸ்ட் திணறும். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், தரையில் வையுங்கள். ஓசூர்க் குளிரிலோ தலைகீழ் வைத்தியம்: அடுப்படியில், சோறு வடித்த சூடு தங்கும் மூலை போதும்.

ஸ்டார்ட்டர் நுரைக்கிறது, பாட்டிலில் கேஸ் ஏறவில்லை

பழச்சாறு கடைப் பாட்டிலா? லேபிளைத் திருப்பிப் பாருங்கள். உணவில் சேர்க்கும் பொருளின் எண் ‘ஐஎன்எஸ்’ என்று போட்டிருக்கும். ஐஎன்எஸ் 211 என்றால் சோடியம் பென்சோயேட், 202 என்றால் பொட்டாசியம் சார்பேட். ஈஸ்ட் வளரக் கூடாது என்பதற்காகவே போடுவது அது. அந்தச் சாற்றில் எத்தனை ஸ்டார்ட்டர் ஊற்றினாலும் பயனில்லை. காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கத்து மாங்கூழ் ஆலைகளிலிருந்து தெரிந்தவர் மூலம் கூழ் கிடைத்தாலும் பதப்படுத்தும் பொருள் சேர்த்ததா என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள்.

மூடி கசிகிறதா என்று பார்க்க, மூடிய பாட்டிலைப் பக்கெட் தண்ணீரில் முக்கி அழுத்துங்கள். கழுத்தில் குமிழி வந்தால் மூடியை மாற்றுங்கள்.

புளிக்கரைசல் மெதுவாகத்தான் பொங்கும். புளியின் டார்ட்டாரிக் அமிலம் அத்தனை கடுமை. போதாக்குறைக்கு வீட்டில் வருஷத்துக்கு எடுத்து வைக்கும் புளியில் உப்புப் போட்டிருப்போம், அது ஈஸ்ட்டை இன்னும் மந்தமாக்கும். உப்புப் போடாத புதுப்புளியை மாசி, பங்குனியில் கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் கேட்டு வாங்கலாம். லிட்டருக்கு எலுமிச்சை அளவு உருண்டை போதும், இதில் எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டாம்.

ராகிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், கேட்பவர்கள் அதிகம். ராகி மாவைக் கூழாகக் காய்ச்சி ஸ்டார்ட்டர் ஊற்றினால் புளிக்கும், பொங்காது. மாவில் இருப்பது ஸ்டார்ச், ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது. அதைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி, ராகி முளைவிடும்போதுதான் சுரக்கிறது. பார்லியை முளைகட்டி மால்ட் ஆக்கிய பிறகே பீர் காய்ச்சுவதும் இதனால்தான். செய்முறை இது: 100 கிராம் ராகி மாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சுங்கள். 65 டிகிரிக்கு ஆறவிடுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் அந்தச் சூட்டைக் கையில் பழக ஒரு வழி உண்டு. கொதிநீரும் அறைச்சூட்டுத் தண்ணீரும் சம அளவு கலந்தால் ஏறத்தாழ 65 வரும், பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இப்போது முளைகட்டி, நிழலில் காயவைத்து அரைத்த ராகி மாவு 30 கிராம் தூவிக் கிளறுங்கள். கரண்டியில் ஒட்டிக்கொண்டு இழுத்த கஞ்சி, கால் மணி நேரத்தில் கண்ணெதிரே இளகி ரசம்போல் ஓடத் தொடங்கும். ஒரு மணி நேரம் மூடி வைத்து நாக்கில் தொட்டால் இனிக்கும். முளைகட்டிய மாவைக் கொதிக்கிற கஞ்சியில் போட்டிருந்தால் நொதி செத்துப்போயிருக்கும், இளகாது. வறுத்து அரைத்த கடை ராகி மால்ட்டும் அதே காரணத்தால் உதவாது. இளகிய கஞ்சியை ஒரு கொதி விட்டு வடிகட்டி, ஆறியபின் எலுமிச்சையும் ஸ்டார்ட்டரும் சேருங்கள். ராகியில் புளிப்பு இல்லாததால் எலுமிச்சையை விட்டுவிடக் கூடாது.

திறந்ததும் பாதி பாட்டில் கூரைக்குப் போகிறது, அல்லது பாட்டிலே வெடித்துவிட்டது

இந்தப் பகுதியை மட்டும் எல்லோரும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடித் துண்டு கண்ணில் பட்டால் அதற்குப் பிறகு திருத்தம் கிடையாது.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் பானத்தில் 4 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்று முடித்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும். கடைக் கோலாவில் லிட்டருக்கு மூன்றரை, நான்கு லிட்டர் கேஸ் அடைத்திருப்பார்கள். பெங்களூரா மாங்கூழில் பழத்தின் சொந்தச் சர்க்கரையே ஏறத்தாழ 15 சதவீதம் இருக்கும். ஒரு பங்கு கூழுக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டாலும் லிட்டருக்கு 40 கிராம் வரை நிற்கும். அவ்வளவையும் ஈஸ்ட் தின்றால் 10 லிட்டர் கேஸ், அதுவும் ஒரு லிட்டர் பாட்டிலுக்குள். செய்முறையில் ‘அரை கப் சர்க்கரை’ என்று போட்டிருக்கிறதே என்று அதற்கு மேலும் அள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நன்கு பழுத்த மாம்பழத்துக்குச் சர்க்கரையே வேண்டாம். தித்திப்பு போதவில்லை என்றால் குடிக்கும்போது டம்ளரில் போட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டில் விஷயத்தில் சமரசமே கூடாது. தேன் பாட்டில், ஜாம் பாட்டில், சதுரமான அழகுக் கண்ணாடிப் பாட்டில் எதுவும் வேண்டாம். பழைய கோலா பாட்டிலைக் கழுவி எடுங்கள். அதைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் ஐந்து கால் போல் பிதுங்கியிருக்கும். அழுத்தத்தைத் தாங்கவே அந்த வடிவம். குடிநீர் பாட்டிலின் அடி அப்படி இருக்காது, பிளாஸ்டிக்கும் மெலிசு, அதில் அடைக்காதீர்கள். கழுத்துக்குக் கீழே நான்கு விரல் காலி இடம் விடுங்கள்.

பிளாஸ்டிக் பாட்டிலில் இன்னொரு வசதி, கையால் அழுத்திப் பார்க்கலாம். அடைத்த அன்று பெருவிரல் உள்ளே போகும். வெயில் காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அழுத்துங்கள். விரல் சிரமப்பட்டு உள்ளே போகத் தொடங்கியதும் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். கல்லாகக் கெட்டிப்படும் வரை காத்திருந்தால் தாமதம். கெட்டிப்பட்டுவிட்டதா? மூடியைக் கால் திருகு மட்டும் திருகி, ‘உஸ்’ சத்தம் வந்ததும் மூடி, மறுபடி திருகி, இப்படி மெல்ல மெல்ல இறக்குங்கள்.

கண்ணாடியில் ஏற்கெனவே அடைத்துவிட்டவர்கள் அதைக் குலுக்கவோ வெயிலில் தூக்கிப் போகவோ வேண்டாம். தடித்த ஈரத் துண்டால் சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு நாள் குளிர்ந்தபின் அதே துண்டோடு திறக்கலாம். குளிர்ந்த திரவம் கேஸை அதிகம் கரைத்து வைத்துக்கொள்ளும், அதனால் மேலே முட்டும் அழுத்தம் குறையும்.

குளிர வைத்தும் பீறிடுகிறது என்றால் கூழ் காரணம். நாரும் சக்கையும் மிதந்தால் ஒவ்வொரு துணுக்கிலும் குமிழி பிறக்கும். வேட்டித் துணியில் வடிகட்டி அடைத்தால் தீரும். கரண்ட் பல மணி நேரம் போகும் நாளில் ஃபிரிட்ஜும் வெறும் அலமாரிதான், நொதிப்பு மீண்டும் தொடங்கிவிடும். அன்றைக்குப் பாட்டில்களை எடுத்து அழுத்திப் பாருங்கள்.

மேலே வெள்ளைப் படலம்

மெலிசாக, சுருக்கம் விழுந்து, கரண்டி பட்டதும் உடையும் வெள்ளைப் படலம் என்றால் அது ஒருவகைக் காட்டு ஈஸ்ட். வடித்தெடுத்துவிட்டு ஸ்டார்ட்டருக்குச் சர்க்கரையும் கொஞ்சம் எலுமிச்சையும் கொடுத்துத் தினமும் இருமுறை கிளறுங்கள். இஞ்சித் துருவல் மேலே மிதந்து காய்ந்தால்தான் இது பிடிக்கும். பஞ்சு போல ரோமம் இருந்தாலோ பச்சை, நீலம், கறுப்பு, இளஞ்சிவப்பு தெரிந்தாலோ அது பூசணம். மேலாக எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், வேர் கீழே போயிருக்கும். மொத்தமும் சாக்கடைக்கு, ஜாடிக்குக் கொதிநீர்.

கொழகொழவென்று நூல் விடுகிறது

கரண்டியால் தூக்கிப் பாருங்கள். மாங்கூழின் கெட்டித்தன்மை என்றால் பொத்தென்று விழும். விளக்கெண்ணெய் மாதிரி இழையாக நீண்டால், லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா சர்க்கரையைப் பசையாக மாற்றிவிட்டது. கரும்புச் சர்க்கரையும் வெல்லமும் அதற்குப் பிடித்த தீனி. உடம்புக்குக் கேடு செய்வது கிடையாது, ஆனால் குடிக்கச் சகிக்காது. புளிப்பு ஏறுவதற்குள் இது முந்திக்கொள்வதுதான் பிரச்சினை. ஆகவே புது ஸ்டார்ட்டர் போடும் முதல் நாளே அரை மூடி எலுமிச்சை பிழிந்துவிடுங்கள். புளிக்கரைசலில் இந்தக் குறை வருவது அபூர்வம்.

வாடை

அழுகின முட்டை வாடை: ஈஸ்ட் பட்டினி கிடக்கிறது, அல்லது கந்தகம் உள்ளே போயிருக்கிறது. வெல்லம் போட்டிருந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். எலுமிச்சை மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும் வெல்லம், காய்ச்சும்போது ஹைட்ரோஸ் போட்டு வெளுக்க வைத்ததாக இருக்கலாம். அது கந்தகச் சேர்மம். கறுத்த வெல்லம் பார்க்க அழகாக இருக்காது, இந்த வேலைக்கு அதுதான் சரி. வாடை லேசாக இருந்தால் மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் விட்டால் பறந்துவிடும். இரண்டு உலர்திராட்சையை ஸ்டார்ட்டரில் போட்டால் ஈஸ்ட்டுக்குக் கொஞ்சம் சத்துக் கிடைக்கும்.

நெயில் பாலிஷ் வாடை: அதிகச் சூட்டில் நொதித்ததன் அடையாளம். சரி செய்ய வழியில்லை, கொட்டிவிட்டு அடுத்த தடவை குளிர்ந்த இடம் பாருங்கள்.

வினிகர் வாடை: காற்று புகுந்திருக்கிறது. அசிட்டோபாக்டருக்குக் காற்று இல்லாமல் வேலை ஓடாது, பழத்தை மொய்க்கும் கொசு அளவு ஈக்கள் அதைக் காலில் சுமந்து வரும். மாம்பழ சீசனில் அந்த ஈக்களுக்குப் பஞ்சமில்லை. மெல்லிய துணியின் கண் வழியாகவும் நுழையும், இரண்டு மடிப்புப் போட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள்.

சாராய நெடி: நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஒரு லிட்டர் பானத்தில் இரண்டு லிட்டர் கேஸ் உண்டாகும் அளவில் நிறுத்தினால் ஆல்கஹால் அரை சதவீதம் அளவில் நிற்கும், அதற்கு மேல் போனால் உணவுப் பாதுகாப்பு விதிப்படி அது மதுபானம். மேலே விரல் கணக்கில் சீக்கிரமே நிறுத்தச் சொன்னதற்கு இதுவும் காரணம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பானமே வேண்டாம், அந்த அரை சதவீதமும் அவர்களுக்குத் தேவையில்லை. நெடி ஏறிய பாட்டிலை வாயகன்ற ஜாடியில் ஊற்றி, வடிகட்டாத இயற்கை வினிகர் கால் பங்கு கலந்து, துணி கட்டி இருட்டில் வையுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் மாம்பழ வினிகர். வெங்காயம், பச்சை மிளகாய் ஊறப்போட அருமையானது.

கசப்பு, துவர்ப்பு

இது பழத்துக்குப் பழம் வேறு. நாவலில் துவர்ப்பு இயல்பு. நொதிக்கும்போது சர்க்கரை குறைவதால் மறைந்திருந்த துவர்ப்பு முன்னுக்கு வருகிறது. மிக்ஸியில் கொட்டையோடு அடித்திருந்தால் கசப்பும் சேரும். கையால் பிசைந்து கொட்டையை எடுங்கள், பாதி மாம்பழம் கலந்தால் இரண்டுக்கும் நல்லது.

சீத்தாப்பழத்தைச் சூடாக்கினால் கசந்துவிடும். ஆவணி, புரட்டாசியில் மலையடிவாரங்களிலிருந்து கூடைகூடையாக வரும்போது, ‘கிருமி போகட்டும்’ என்று கூழைக் கொதிக்க வைக்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். பச்சையாகவே பயன்படுத்துங்கள். அதில் புளிப்பு மிகக் குறைவு, லிட்டருக்கு மூன்று எலுமிச்சை தேவை. கொட்டை உடையக் கூடாது, நச்சு உள்ளது. இந்தப் பழத்தை அடைத்தால் இரண்டொரு நாளில் குடித்துவிடுவது நல்லது.

மாம்பழத்தில் கசப்போடு டர்பன்டைன் மாதிரி வாடை இருந்தால் காம்புப் பால் இறங்கியிருக்கிறது. காம்புப் பக்கம் கட்டைவிரல் அகலம் வெட்டி எறிந்துவிட்டு, தோலைத் தடிமனாகச் சீவுங்கள். மல்கோவா, அல்போன்சாவை நொதிக்க வைத்து அதன் மணத்தை வீணாக்குவதற்கு எனக்கு மனம் வராது. விலை குறைந்த, புளிப்பு கலந்த பெங்களூராவே இதற்குப் பொருத்தம்.

அடியில் வண்டல்

சாம்பல் வெள்ளையில் மிருதுவாகப் படிவது வேலை முடித்து உறங்கும் ஈஸ்ட். பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றினால் அடியிலேயே தங்கும். புளி சோடாவில் ஃபிரிட்ஜில் வைத்தபின் மணல்போல் நறநறவென்று படிந்தால் பயப்பட வேண்டாம், டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு குளிரில் பிரிந்து இறங்கியிருக்கிறது. திராட்சை ஒயினிலும் அதே உப்புத்தான் படியும். வடிகட்டிக் குடிக்கலாம்.